துண்டுக்குள் ஒரு விரல்

அய்யலூர் ஆட்டுச் சந்தையில் என் வீட்டுக்காரர் தரகர். அன்று சந்தை முடிந்து அவர் வந்து சாப்பிட உட்கார்ந்தபோதும் என் அண்ணன் பேசிக்கொண்டிருந்தார். காலையிலிருந்தே அதே பேச்சு. என் மகளுக்குக் கவுன்சிலிங்கில் இன்ஜினியரிங் சீட் கிடைத்திருந்தது. சாயங்காலத்துக்குள் உறுதி செய்ய வேண்டும். அவளோ, தோட்டங்களில் சோலார் பம்பு மாட்டும் கம்பெனியில் கூப்பிடுகிறார்கள், வேலைக்குப் போகிறேன் என்கிறாள். லீவில் அங்கே வேலை பழகப் போனவள். வெயில் ஏற ஏறக் குழாயில் முதல் தண்ணீர் வந்து விழுந்த கதையைச் சொல்லும்போது அவள் கைகள் சும்மா இருப்பதேயில்லை.

"பொம்பளப் புள்ள காடு காடா கம்பியேறித் திரியுறதா? நாலு பேரு என்ன சொல்லுவாக?"

"அந்த நாலு பேரு தோட்டத்துலயும் மோட்டார் ஓடலேன்னா எனக்குத்தான் போன் போடுவாக மாமா."

"வாயப் பாரு." அண்ணன் என் பக்கம் திரும்பினார். "நீ என்னத்தா சொல்ற?"

"படிக்கட்டும்ணே."

அண்ணன் முன்னால் என் வாயில் அவர் சொற்கள்தான் வரும். உள்ளே வேறொருத்தி, மழைக்கு முந்தின காற்றைப் போல, நிற்க இடமில்லாமல் அலைந்துகொண்டிருந்தாள்.

வீட்டுக்காரர் ரசம் ஊற்றிக்கொண்டார். மகள் அவர் தோளிலிருந்த துண்டை உருவினாள். சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்வதில்லை. துண்டுக்கடியில் கை கொடுத்து, விரலைப் பிடித்துத்தான் பேரம். எத்தனை பேர் சுற்றி நின்றாலும் அந்த இரண்டு கைகளுக்கு மட்டுமே தெரியும்.

"ஒரு விரல்னா வேலை. ரெண்டுன்னா காலேஜு. சொல்லுங்கப்பா."

"கை கழுவிட்டு வாரேன், செத்த இரு" என்றார், பெரிய வியாபாரத்துக்குப் போகிறவர் மாதிரி. துண்டு இருவர் கையையும் மூடியது. அப்பன், மகள் இரண்டு முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. பிறகு துண்டோடு என்னிடம் வந்தாள்.

"இப்ப நீம்மா."

உள்ளே இருட்டு, ஆட்டு வாடை, அவளுடைய சூடான உள்ளங்கை. அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார். வாயால் கேட்டிருந்தால் படிப்பு என்றுதான் மறுபடியும் சொல்லியிருப்பேன். அவளுடைய ஒரு விரலைப் பிடித்தேன். கெட்டியாக.

துண்டை உதறி அப்பா தோளில் போட்டாள். "வேலைக்குப் போறேன் மாமா."

"யாரு சொன்னது? அப்பனா, ஆத்தாளா?"

"துண்டுக்குள்ள பேசுனத வெளிய கேக்கலாமா மாமா?"

அண்ணனும் ஆடு வாங்கி விற்றவர்தான். அவளை மேலும் கீழும் பார்த்தார். "சோத்துக்கு வெஞ்சனம் என்ன வச்சிருக்க?" என்றபடி இலை முன்னால் உட்கார்ந்தார்.

இப்போது அவளுக்கு நெய்க்காரப்பட்டிப் பக்கம் வேலை. நேற்று மத்தியானம் போன் போட்டவள் பேசவே இல்லை. தண்ணீர் விழும் சத்தத்தை மட்டும் கேட்க வைத்தாள். அடுப்பைத் தணித்துவிட்டு நின்று கேட்டேன். பொழுதடைந்து, முகம் கறுத்து, பசியோடு வந்தாள்.

"காலேஜு எங்கம்மா ஓடிப்போகுது, பின்னாடி பாத்துக்கலாம்" என்றாள், சோற்றைப் பிசைந்துகொண்டே.

பார்க்கலாம். பார்க்காமலும் போகலாம். இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன்.