சட்டைப்பையில் வைக்காத சீட்டு

ராஜபாளையத்திலிருந்து சென்னைக்குப் போயிருந்தபோது, நானும் என் கணவரும் சுற்றுலாப் பேருந்தில் ஊர் பார்க்கக் கிளம்பினோம். அவர் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருடமாக மறதி நோய். வழிகாட்டிப் பெண், "வயசானவங்க சட்டைப்பையில போன் நம்பர் எழுதி வச்சிடுங்க" என்றாள். பட்டாளத்துக்காரருக்குச் சீட்டா என்று எனக்கு ரோஷம். "அவியளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும்மா" என்று சொல்லிவிட்டேன்.

மெரினாவில் நான் கால் நனைத்துவிட்டு வருவதற்குள் ஆளைக் காணோம். அதே நிறத்தில் நின்ற வேறு பேருந்தில் ஏறிவிட்டார். அங்கே தலையை எண்ணியபோது ஓர் ஆள் கூடுதல். ஊரைக் கேட்டதற்குப் பட்டாள நம்பரை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாராம். வழிகாட்டிகள் போனில் பேசிக் கண்டுபிடிக்க, மூன்று மணி நேரம் கழித்து, அந்தப் பேருந்து போய் நின்ற அருங்காட்சியக வாசலில் அவரைக் கண்டேன்.

"ஏட்டி, எங்க போன? எம்புட்டு நேரமா தேடுதேன்!" என்று எல்லோர் முன்னாலும் திட்டினார். அவர் என்னை அடையாளம் தெரிந்து திட்டியது அதுதான் கடைசி.

இப்போதெல்லாம் என் போட்டோவும் போன் நம்பரும் போட்ட அட்டையை அவர் சட்டைப்பையில் தினமும் வைக்கிறேன். வீட்டுக்குள்ளேயே அதை எடுத்து என்னிடம் நீட்டுகிறார்.

"இவளுக்கு ஒரு போன் போடுங்கம்மா. பாவம், தேடிக்கிட்டு நிப்பா."