துண்டுக்குள் இருந்த தோல் சாமான்

போன வெள்ளிக்கிழமை மாலை, மலாக்கா காஜா பேராங்கில் ஓர் அம்மன் கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். பக்தியா? அதெல்லாம் இல்லை. மனைவி உள்ளே அர்ச்சனைக்குப் போயிருந்தாள். நான் வெளியே அவளுடைய செருப்புக்குக் காவல். போன மாதம் இதே வாசலில் அவளுடைய புதுச்செருப்பு காணாமல் போனதிலிருந்து, வீட்டில் எனக்குக் கிடைத்திருக்கும் ஒரே பதவி இதுதான்.

அப்போது ஒருவர் வந்தார். காக்கிக் கால்சட்டை, வெளியே விட்ட புஷ் சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. பார்த்தவுடனே சொல்லிவிடலாம் — ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. சுவர்ப்பக்கம் திரும்பி, இடுப்பிலிருந்து எதையோ கழற்றித் துண்டில் சுற்றினார். நேராக என்னிடம் வந்தார்.

“ஐயா, தோல் சாமான். உள்ளுக்குக் கொண்டு போகக் கூடாது பாருங்க. கொஞ்சம் புடிச்சிக்கங்க, சூடம் பாத்துட்டு ஓடியாந்திர்றேன்.”

ஆசாரம் பார்க்கிற மனிதர்! பெல்ட்டும் பர்சுமாக இருக்கும் என்று வாங்கிக்கொண்டேன்.

கனத்தது. எந்த பெல்ட் இப்படிக் கனக்கும்? நான் பத்திரிகையில் எழுதிப் பிழைப்பவன். அதாவது, அடுத்தவர் பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்பதைத் தொழில் தர்மம் என்று சொல்லிக்கொள்பவன். துண்டின் ஓரத்தை லேசாக விலக்கினேன்.

தோல் உறை. அதிலிருந்து நீட்டிக்கொண்டு, கறுப்பாக ஒரு கைப்பிடி...

ரிவால்வர்!

உள்ளே மணி ஆடுவது தெரிகிறது. சத்தம் மட்டும் என் காதில் விழவில்லை.

மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்துவிட்டது. கொடி மாறிவிட்டது. நம் மலாக்காவில் ஊரடங்கெல்லாம் எப்போதோ போய்விட்டது. ஆனால் அவசரகாலச் சட்டம் போகவில்லையே! லைசென்ஸ் இல்லாதவன் கையில் துப்பாக்கி இருந்தால் தூக்குமேடை வரைக்கும் போகலாம். ‘இது என்னுடையது இல்லை, யாரோ கொடுத்தார்’ என்று சொல்லலாம்தான். பிடிபட்டவர்களில் வேறு எதையாவது சொன்னவன் உண்டா?

கீழே வைக்கலாமா? எவனாவது எடுத்துக்கொண்டு போனால்? உள்ளே ஓடலாமா? துப்பாக்கியோடு அம்மன் சன்னிதிக்கா? அவள் கையிலும் ஆயுதம் இருக்கிறது... அவளிடம் யார் லைசென்ஸ் கேட்கப் போகிறார்கள்?

சைக்கிள் மணி கேட்டது. நிமிர்ந்தேன். போலீஸ்காரர்! நம் பேட்டை மாத்தா-மாத்தாதான். பார்த்தால் சிரிக்கும் அளவுக்குப் பழக்கம். காலை ஊன்றி நின்று, என் மார்போடு அணைத்திருந்த பொட்டலத்தைப் பார்த்தார்.

“அபா இத்து?”

என்ன அது என்று கேட்கிறார். உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன். வந்தது வேறு.

“காசுட்... காசுட் பினி சாயா.”

என் மனைவியின் செருப்பு என்று சொல்லிவிட்டேன்! அவர் என் காலடியில் கிடந்த பெண்பிள்ளைச் செருப்பைப் பார்த்தார். மார்பில் இருந்த பொட்டலத்தைப் பார்த்தார். இத்தனை ஜோடியா என்று இரக்கப்பட்டாரோ என்னவோ, தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

கிராணி நெற்றி நிறையத் திருநீற்றோடு வந்தார்.

“யோவ், என்னய்யா இது?” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

“தோல் சாமான்னு சொன்னேனே ஐயா.”

“தோலுக்குள்ள இருக்கிறத ஏன் சொல்லலை?”

“சொன்னா புடிச்சிருப்பீங்களா?”

பிடித்திருக்க மாட்டேன்தான். அந்த ஆத்திரத்தில், “குண்டு இருக்கா?” என்றேன்.

“குண்டு இல்லாம இதை வச்சிக்கிட்டு என்னாங்க பண்றது? செகாமாட் பக்கம் எங்க தோட்டம். துரை வாங்கிக் குடுத்தது. லைசென்சு என் பேர்ல இருக்கு, பயப்படாதீங்க.”

“பேரு உங்களுது. கை என்னுது இல்ல இருந்துச்சு! மாத்தா வந்துட்டுப் போனான், தெரியுமா?”

அவர் முகம் வெளுத்தது. பொட்டலத்தை என்னிடமிருந்து வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, பக்கத்தில் வந்து மெதுவாகப் பேசினார்.

“மன்னிச்சிக்கங்க ஐயா. எங்க பக்கத்து டிவிஷன் கிராணி வாய் ஓயாம சொல்லிக்கிட்டே இருப்பாரு, என்கிட்ட ரிவால்வர் இருக்கு, ரிவால்வர் இருக்குன்னு. கடையில, பஸ்ஸுல, எங்கேயும். அதை எடுத்துக்கிட்டுப் போறதுக்குன்னே காட்டுல ஒளிஞ்சிருக்கிற கம்யூனிஸ்டுங்க வந்தானுங்க. ஆளையும் விடலை. அன்னையிலேர்ந்து நான் யார்கிட்டயும் வாயத் தொறக்கிறதில்ல. எம் பிள்ளைங்களுக்கே தெரியாது.”

என் கோபம் பாதியில் நின்றுவிட்டது.

“அப்புறம் எப்படி முன்னப்பின்ன தெரியாத என்கிட்ட குடுத்தீங்க?”

“உங்களப் பாத்தா சுடத் தெரிஞ்சவர் மாதிரி இல்ல ஐயா. அதான்.”

கும்பிட்டுவிட்டு பஸ்ஸைப் பிடிக்க நடந்தார். சட்டைக்கு அடியில் எதுவும் இருப்பது போலத் தெரியவில்லை. தெரியாமல் நடக்க எத்தனை நாள் பழகினாரோ?

துப்பாக்கி வைத்திருப்பவர் அந்நியரிடம் சொல்ல வேண்டுமா? வேண்டும் என்று மேஜையைத் தட்டிச் சொல்லியிருப்பேன் — வியாழக்கிழமை வரைக்கும். சொன்னவர் உயிரோடு இல்லை. சொல்லாதவரால் என் கழுத்துக்கு ஆபத்து. இடுப்பில் இருக்கும்வரை சொல்லாதீர்கள், சுவாமி. அது உங்கள் உயிர். இன்னொருவன் கையில் வைக்கும்போது மட்டும் சொல்லிவிடுங்கள். ஓடுவதற்கு அவனுக்கு ஒரு சந்தர்ப்பமாவது கிடைக்கட்டும்.

மனைவி பிரசாதத்தோடு வெளியே வந்தாள். “என்னங்க, மொகமெல்லாம் இப்படி வேர்த்திருக்கு? அந்தப் போறவரு யாரு, என்ன கேட்டாரு?” என்று கேட்டாள்.

“ஒண்ணுமில்லை, மணி கேட்டார்” என்றேன்.

அவள் நான் வாராவாரம் எழுதும் இந்தப் பத்தியை ஒரு வாரம்கூட விடாமல் படிப்பவள். இன்று எனக்குச் சோறு கிடைப்பது சந்தேகம்தான்.