மீசைக் கெண்டைக்குப் பிசைந்த மாவு

அந்த மீன்பிடிப் பயணம் என் தம்பியும் நானும் சேர்ந்து சோடித்த ஒரு பொய்யில் தொடங்கியது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

தேயிலைக்கு விலை விழுந்த வருஷம் அது. கட்டபெட்டுப் பக்கம் என் வீட்டுக்காரர் டீமேக்கராக இருந்த ஃபேக்டரியை, ஒரே ஒரு மாசம் என்று சொல்லி முதலாளி மூடினார். எட்டு மாசம் ஆகியும் திறக்கவில்லை. தம்பி மேட்டுப்பாளையத்தில் ஓர் உருளைக்கிழங்கு மண்டியில் வேலை பார்த்தான். கிழங்கைத் தரம் பிரிக்கிற ஆட்களை மேற்பார்க்க அங்கே ஒருவர் தேவைப்பட்டார். தை பிறக்கும்வரை இடத்தை வைத்திருக்கிறேன் என்று மண்டிக்காரர் அவனிடம் சொல்லியிருந்தார். இவரோ பிடிகொடுக்கவில்லை. வருகிறேன் என்றும் சொல்ல மாட்டார், வரமாட்டேன் என்றும் சொல்ல மாட்டார். வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

அதனால் கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி மலையேறி வந்து, நாங்கள் கடை ஃபோனில் பேசி வைத்தபடி ஆரம்பித்தான். "மச்சான், பவானி ஆத்துல மீசைக் கெண்டை கெடைக்குதாமுங்க. ஒண்ணொண்ணும் முழங்கை நீளமாமா." அவனுக்கு மீனைக் குழம்பில் மட்டும்தான் தெரியும். ஆற்றுக்கு என்று சொல்லி இவரை இறக்கிவிட்டால், போகிற வழியில் மண்டியைக் காட்டிவிடலாம், கண்ணால் பார்த்தால் மனசு மாறும் என்பது எங்கள் திட்டம்.

இவர் தலையைத் தூக்கினார். "அடியில பாறையா, மணலா?" என்று கேட்டார். எட்டு மாசத்தில் அவராக வாய் திறந்து ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் அடுப்படிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இவர் சிலோன் தோட்டத்தில் பிறந்தவர். பதினாலு வயசில் குடும்பத்தோடு கப்பலேறி வந்தவர். அங்கே தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்துக்குக் கீழே ஓடிய ஓடையில் தூண்டில் போட்டுத் திரிந்திருக்கிறார். இங்கே வந்தபின் தூண்டிலைத் தொட்டதில்லை. பவானியை பஸ் ஜன்னல் வழியாகப் பாலத்தில் வைத்துப் பார்த்ததோடு சரி.

தெரியாத ஆறு என்றதும் அவர் ஃபேக்டரி புத்தியைக் காட்டிவிட்டார். இலை வந்த நேரம், வாடிய நேரம், அரைத்த நேரம் என்று கோடு போட்டு எழுதிப் பழகிய கை. ஒரு புது நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் 'ஆறு' என்று எழுதினார். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வழியாக வருகிற பஸ்ஸின் கண்டக்டரிடம், பாலத்துக்குக் கீழே தண்ணீர் என்ன நிறம், எந்தப் பாறை வரைக்கும் நிற்கிறது என்று தினமும் விசாரித்தார். முதல் வாரம் கண்டக்டர் சிரித்தார். இரண்டாவது வாரம் பஸ் நிற்பதற்கு முன்பே, "அண்ணா, இன்னிக்குக் கலங்கலுங்க, ரெண்டாம் பாறை முங்கியிருச்சு" என்று படியிலிருந்தே சொல்லிவிட்டுப் போனார். மலையில் சொட்டு மழை இல்லாத நாளிலும் கீழே ஆறு ஏறியது. அது எப்படி என்று இவர் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டார். மேலே பில்லூர் அணையில் தண்ணீர் திறக்கிறார்கள் என்று தம்பி விசாரித்துச் சொன்னதும், அதற்கென்று தனியாக ஒரு பக்கம் ஒதுக்கினார்.

"ஏனுங்க, மீன் புடிக்கப் போறீங்களா, மீனுக்குப் பொண்ணு பாக்கப் போறீங்களா?" என்றேன்.

"தெரியாத ஆறு, புள்ள. நாலு பேரக் கேக்காம எறங்கப்படாது."

திருப்பிப் பேசுகிறாரே என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இன்னொரு சாயங்காலம் அடுப்புக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு அவராகவே சொன்னார். "இந்த மீனு மேல வர்றதில்ல. அடித்தண்ணியில, கல்லுக்கு எடையில மேயும். கண்ண நம்பாது. மீசையால தடவிப் பாத்து, வாசன புடிச்சாத்தான் வாயில வெக்கும்."

"அப்ப உங்க ஆளுன்னு சொல்லுங்க."

"நம்ம ஆளுதான்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று.

நம்ம ஆளு என்றதற்குக் காரணம், டீமேக்கர் வேலை முழுக்க மூக்கில்தான் இருக்கிறது. அரைத்த இலையைப் பரப்பி வைத்திருப்பார்கள். அது பச்சை வாசனை போய் வேறு வாசனைக்கு மாறுகிற நேரத்தில் ஒரு கை அள்ளி மோந்து பார்த்து, "போதும்" என்பார். கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் அன்றைய தூள் கெட்டது. தேயிலையோ பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசனையை இழுத்துக்கொள்ளும். ஆகையால் எங்கள் வீட்டில் பெருங்காயம் கிடையாது, ஊதுபத்தி கிடையாது, பவுடர் கிடையாது. கல்யாணமாகி வந்த மறுநாள் என் தலையிலிருந்த மல்லிகையை அவரே எடுத்து வெளியே கொடியில் தொங்கவிட்டு, "கோவிச்சுக்காத" என்றார். கோபித்துக்கொண்டேன். கருவாடு என்ற பேச்சையே எடுக்க முடியாது. நான் மேட்டுப்பாளையத்துக்காரி, கருவாடு இல்லாமல் சோறு இறங்காத வீட்டில் வளர்ந்தவள். ஆத்தா வீட்டுக்குப் போனால் மூன்று வேளையும் அதையே தின்றுவிட்டு, இரண்டு தடவை குளித்துச் சேலை மாற்றித்தான் பஸ் ஏறுவேன். இருபத்திரண்டு வருஷம் இப்படியே போயிற்று.

ஃபேக்டரியை மூடிய பிறகும் இந்தச் சட்டம் தளரவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். தினமும் காலையில் சாவியை எடுத்துக்கொண்டு மெஷினைத் துடைக்கப் போய்விடுவார். முதலில் மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு போனார். தீபாவளிக்கு அப்புறம் தனியாகப் போனார். ஒரு சோப்பு வாங்கினால்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் குளியலறைக்குள் விடுவார். மூடிக்கிடக்கிற ஃபேக்டரிக்கு இந்த மனுஷன் மூக்கைக் காவல் வைத்திருக்கிறாரே, நம்பிக்கை வைக்கவும் ஒரு அளவு வேண்டாமா என்று தம்பியிடம் சொல்லி அழுதிருக்கிறேன். பைத்தியம் பிடித்துவிட்டது என்றும் சொல்லியிருக்கிறேன்.

பயணம் இடித்துக்கொண்டு நின்றதும் இந்த இடத்தில்தான். மண்டியில் மூட்டை தூக்குகிற ஒருவரிடம் இரைக்குப் பக்குவம் கேட்டுக்கொண்டு வந்திருந்தான் தம்பி. ராகி மாவு, கடலைப் புண்ணாக்கு, கருவாட்டுத் தூள், பெருங்காயம். எல்லாவற்றையும் பிசைந்து துணியில் கட்டி இரண்டு நாள் வைக்க வேண்டும். நன்றாக நாறினால்தான் மீசைக் கெண்டை திரும்பிப் பார்க்குமாம். கருவாட்டை மூன்று பிளாஸ்டிக் பைக்குள் சுற்றி, டப்பாவில் அடைத்து, விறகு வைக்கிற கொட்டகையில் கொண்டுபோய் வைத்தான். காயக்கட்டியும் அதே டப்பாவில் இருந்தது.

இவர் நோட்டில் தூண்டில் நரம்புக்கு டிக் போட்டார். முள், ஈயக்குண்டு, பஸ் நேரம், தொப்பி, எல்லாவற்றுக்கும் டிக் விழுந்தது. மாவுக்கு மட்டும் விழவில்லை. "வெறும் ராகி போதாதா?" என்று கேட்டார். போதாது என்றான் தம்பி. முதல் ஞாயிறு தண்ணீர் கலங்கல் என்று தள்ளினார். அடுத்த ஞாயிறு பனி அதிகம் என்றார். அதற்கடுத்தது அமாவாசை. மார்கழி பாதிக்கு மேல் போய்விட்டது. தை பிறந்தால் மண்டி வேலை வேறொருவருக்குப் போய்விடும்.

நான் பொறுமைசாலி என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. ஒரு புதன்கிழமை இவர் சாவியோடு கிளம்பிப் போனதும், வருவது வரட்டும் என்று கொட்டகைக்குப் போய் டப்பாவை எடுத்து வந்தேன். நெத்திலிக் கருவாடு. சுடுதண்ணீரில் இரண்டு தடவை அலசி, தலையைக் கிள்ளி, பூண்டு தட்டிப் போட்டு, மிளகாய்த்தூள் தூவி எண்ணெயில் வறுத்தேன். வாசனை எழும்பியதும் கோபம் இன்னும் ஏறியது. நல்லாப் போகட்டும் என்று ஜன்னல் இரண்டையும் திறந்துவிட்டேன். எங்கள் வரிசையில் பதினாலு வீடு. எல்லாம் ஃபேக்டரி ஆட்கள்.

மத்தியானம் இவர் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றியவர் அப்படியே நின்றுவிட்டார். நான் கரண்டியோடு தயாராக இருந்தேன்.

"இன்னும் எத்தன நாளைக்குங்க? தொறக்காத ஃபேக்டரிக்கு ஊட்ட மோந்து மோந்து பாத்துட்டு இருக்கறது?"

அவர் சண்டைக்கு வரவில்லை. கை கழுவிவிட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். "போடு" என்றார். போட்டேன். சாப்பிட்டார். "உப்பு தூக்கலா இருக்கு" என்றார். மறுபடியும் தட்டை நீட்டினார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"ரோலர் போயிருச்சு, புள்ள."

இலையை அரைக்கிறது அந்த ரோலர்கள்தான். அது இல்லையென்றால் ஃபேக்டரி வெறும் தகரக் கொட்டகை. தீபாவளிக்கு மறுநாள், வரிசையில் எல்லாரும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தபோது லாரி வந்திருக்கிறது. இவரே கூட நின்று ஏற்றிவிட்டிருக்கிறார்.

"ஆளுககிட்ட நீங்களே பக்குவமாச் சொல்லிருங்கன்னாரு மொதலாளி. என்னத்தச் சொல்ல? காலையில கதவத் தொறந்தா பதினாலு வீடும் என் மொகத்தப் பாக்குது."

"அப்ப இந்த ரெண்டு மாசமா தெனமும் அங்க போயி என்ன பண்ணுனீங்க?"

"சும்மா உக்காந்திருந்தேன்."

நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். "மண்டிக்கு வர மாட்டேன்னு நான் சொல்லல" என்றார். "நான் மூட்டயக் கட்டுனா அன்னிக்கே இவங்களுக்குத் தெரிஞ்சு போகும். அதான்." வறட்டுப் பிடிவாதம் என்று நான் திட்டித் தீர்த்ததெல்லாம் இதைத்தான். இந்த மனுஷனையா பைத்தியம் என்றேன் என்று என் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அவர் தன் விரல்களை மூக்குக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். "கைதான் நாறிப் போச்சே. மாவக் கொண்டா, பெசஞ்சிரலாம்."

அகலமான பாத்திரத்தில் ராகியைக் கொட்டினேன். புண்ணாக்கை நுணுக்கினேன், காயத்தை உடைத்துக் கொடுத்தேன். மிச்சமிருந்த கருவாட்டை அவரே இடித்துப் போட்டார். மணிக்கட்டு வரைக்கும் மாவு அப்ப, அழுத்திப் பிசைந்தார். ஒரு உருண்டையைக் கிள்ளி மோந்து பார்த்து, "இன்னும் கொஞ்சம் புண்ணாக்கு" என்றார். அவர் முகம் லேசாகிவிட்டிருந்தது.

அப்போதுதான் வாசலில் குரல் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரி நின்றிருந்தாள். பதினெட்டு வருஷமாக ஃபேக்டரி மாடியில் இலையை வாடப் பரப்பியவள். அவளுக்குப் பின்னால் மெக்கானிக்கும் இன்னும் ஐந்தாறு பேரும், குளிருக்குச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றார்கள். அவள் என்னைத்தான் கேட்டாள்.

"அக்கா, உங்க வீட்லயா கருவாடு?"

"ஆமா" என்றேன்.

"அப்ப ஃபேக்டரி தொறக்க மாட்டாங்களாக்கா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை மாசமும் அவர்கள் முதலாளியை நம்பவில்லை, என் அடுப்பை நம்பியிருக்கிறார்கள். டீமேக்கர் வீட்டில் இன்னும் காயம்கூட வாங்கவில்லை என்று தண்ணீர் பிடிக்கிற இடத்தில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்களாம். அதை வைத்தே வேலை தேடித் திருப்பூருக்குப் போகாமல் நின்றவர்கள் அதில் இருந்தார்கள். நான் கோபத்தில் திறந்துவிட்ட ஜன்னல் பதினாலு வீட்டுக்கும் சேதி சொல்லிவிட்டது. அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

மாவுக் கையோடு இவர் எழுந்து வந்தார். என்னை நகர்த்திவிட்டுப் படியில் இறங்கி நின்றார்.

"தொறக்க மாட்டாங்க, தாயி. ரோலர வித்துட்டாங்க. எனக்கு ரெண்டு மாசமாத் தெரியும். சொல்ல வாய் வரல. தப்பு என்னுதுதான்."

மெக்கானிக் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். திட்டுவார்கள் என்று நினைத்தேன். திட்டினால் வாங்கிக்கொள்வதுதான் நியாயம் என்றும் நினைத்தேன். பக்கத்து வீட்டுக்காரி, ஃபேக்டரியில் அவரிடம் லீவு கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

"அப்ப நாங்க வேற வேல பாத்துக்கலாமாண்ணே?"

"பாத்துக்கங்க, தாயி" என்றார். "நானும் சனிக்கெழம மேட்டுப்பாளையம் போறேன். மண்டியில வேல. அப்பிடியே ஆத்துக்கும்."

அவள் தலையாட்டினாள். அப்போதுதான் அவர் கையைப் பார்த்தாள்.

"மீனுக்கா?"

"மீனுக்குத்தான்."

"உள்ள போய்ப் பெசைங்கண்ணே. பனிக்காத்துல மாவு காஞ்சிரும்" என்று சொல்லிவிட்டு, சால்வையை இழுத்து மூடிக்கொண்டு நடந்தாள்.

அவர் உள்ளே வரவில்லை. ஒவ்வொருவராகப் போய், கடைசி வீட்டுக் கதவு சாத்துகிற வரைக்கும் அந்தக் கையோடு படியிலேயே நின்றிருந்தார்.