சிரிப்புச் சத்தத்தில் நடக்கிறவர்

கிளிஃபர்டைப் பார்த்தால் அவருக்கும் நகைச்சுவைக்கும் ஏழாம் பொருத்தம் என்றுதான் தோன்றும். ஐம்பத்தாறு வயது, ஒல்லி உடம்பு, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, யாரிடமோ மன்னிப்புக் கேட்கக் கிளம்பியவர் மாதிரி ஒரு முகம். ஆனால் ஸ்டாண்ட்-அப் காமெடியைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் பாதிகூட மேடை ஏறுகிற பலருக்குத் தெரியாது. இது வாய்க்கு வந்த பேச்சல்ல. மேடை ஏறுகிறவர்களே ஒப்புக்கொண்டது.

அடுகோடியில் வீடு. அங்கிருந்து நடந்தே போகிற தூரத்தில், ஓசூர் ரோட்டுப் பக்கம், ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கிற காமெடி கிளப்பில் அவர் பேரர், மேஜை மேஜையாகச் சாப்பாடு கொண்டுபோய் வைக்கிறவர். எண்பது நாற்காலி, ஒரு மைக், ஒரு உயரமான ஸ்டூல், பின்னால் செங்கல் சுவர் போலத் தெரிகிற ஒட்டுக் காகிதம். கிளப் திறந்த நாளிலிருந்து பத்து வருடமாக அங்கேதான் இருக்கிறார்.

அங்கே ஒரு சட்டம் உண்டு. மேடையில் ஆள் பேசிக்கொண்டிருக்கும்போது பேரர் நகரக் கூடாது. கூட்டம் சிரிக்கும்போது மட்டும் நடக்கலாம், தட்டை வைக்கலாம், எடுக்கலாம். சிரிப்பு நின்றால் கையில் என்ன இருந்தாலும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். ஒரு முறை ஒரு பையன் செத்துப்போன தன் அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்து, ஆறு நிமிடம் ஒரு சிரிப்பும் இல்லை. கிளிஃபர்ட் இரண்டு தட்டு கோபி மஞ்சூரியனோடு நடுவழியில் சிலை மாதிரி நின்றார். அதை ஆர்டர் செய்தவர்கள் எட்டடி தூரத்திலிருந்து தங்கள் கோபியை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சிரிப்பு வந்தபிறகு கிளம்பினால் மேஜைக்குப் போய்ச் சேர முடியாது; மூன்று விநாடியில் அது அடங்கிவிடும். அரை விநாடி முன்னாலேயே காலைத் தூக்க வேண்டும். இப்படித்தான் எந்த வரியில் சிரிப்பு வரும், எந்த வரியில் வராது என்பது அவர் காலுக்குப் பழக்கமானது. மூளைக்குத் தெரிவதற்கு முன் பாதத்துக்குத் தெரிந்துவிடும். இதை முதலில் கண்டுபிடித்தது ரக்ஷிதா. ஐ.டி. வேலையை விட்டுவிட்டு மைக்கைப் பிடித்த பெண். புது ஜோக் சொல்லும்போது அவள் கூட்டத்தைப் பார்க்க மாட்டாள், கிளிஃபர்டின் காலைப் பார்ப்பாள். கால் எழுந்தால் ஜோக் தேறிவிட்டது. எழவில்லையென்றால் வீட்டுக்குப் போய் அடித்துத் திருத்துவாள்.

அவருக்குப் பிடித்தவர்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. ப்ரஹ்லாத் பிடிக்கும். அவன் ஊரைத் திட்டுவதற்கு முன்னால் தன்னைத்தானே இரண்டு போடு போட்டுக்கொள்வான். அதற்கப்புறம் யாரைச் சொன்னாலும் யாருக்கும் உறைக்காது. ரக்ஷிதாவை இன்னும் அதிகமாகப் பிடிக்கும். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் பேசாமல் நிற்பாள். அந்தச் சும்மா நிற்கிற தைரியம் லேசில் வராது என்பார் கிளிஃபர்ட். ரித்விக்கைப் பிடிக்காது. அவன் பேர் போனவன், டிக்கெட் தீர்ந்துவிடும். ஆனால் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிற யாரையாவது பிடித்து, அவர் தொப்பையையோ சட்டையையோ வைத்து அரைமணி நேரம் ஓட்டுவான். அந்த ஆளும் மற்றவர்களோடு சேர்ந்து சிரிப்பார். ஷோ முடிந்து மேஜையைத் துடைக்கப் போகும்போதுதான் கிளிஃபர்டுக்கு உண்மை தெரியும். கேலிக்கு ஆளானவரின் தட்டில் சாப்பாடு அப்படியே இருக்கும். வாய் ஊருக்காகச் சிரித்துவிடும், தொண்டைக்குள் ஒரு வாய் இறங்காது.

இதை அவர் கிளப்பில் கற்றுக்கொள்ளவில்லை. இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால், தன் கல்யாணத்திலேயே கற்றுக்கொண்டது.

கன்டோன்மென்ட் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் கல்யாண விருந்து என்றால் டோஸ்ட் உண்டு. எல்லோர் கையிலும் வீட்டில் போட்ட திராட்சை ஒயின் இருக்கும். ஒருவர் மைக் முன்னால் வந்து மணமக்களைப் பற்றி நாலு வார்த்தை, நாலு சிரிப்பு சொல்லி முடித்துக் கோப்பையைத் தூக்கினால்தான் மற்றவர்கள் வாயில் வைக்கலாம். அப்போதே ஒரு ஹோட்டலில் பேரராக இருந்த கிளிஃபர்டின் கல்யாணத்தில் டோஸ்ட் சொன்னது அவர் மனைவி பவுலினின் அண்ணன் ஓஸ்வால்ட். தங்கச்சிக்கு ராஜகுமாரன் வருவான் என்று காத்திருந்தோம், கையில் ட்ரேயோடு ஒருத்தன் வந்தான், சூப் ஆர்டர் பண்ணவில்லையே என்றேன், இவன்தான் மாப்பிள்ளை என்றார்கள் என்றார். ஹாலே அதிர்ந்தது. கிளிஃபர்டும் சிரித்தார். அன்றைக்கு அவர் பிரியாணியைத் தொடவில்லை. ஓஸ்வால்ட் அந்த ஜோக்கை அதற்கப்புறம் சொந்தத்தில் நடந்த ஒவ்வொரு கல்யாணத்திலும் சொல்லிக்கொண்டிருக்கிறார். கெட்ட மனுஷன் இல்லை. பவுலினுக்கு ஆபரேஷன் நடந்தபோது மூன்று நாள் ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே கிடந்தவர். சிரிக்க வைத்தால் நல்லது செய்ததாகத்தான் அர்த்தம் என்று நினைக்கிற ஜாதி, அவ்வளவுதான்.

தன்னைச் சொன்னதை கிளிஃபர்ட் செரித்துக்கொண்டார். மகள் நிக்கோலைச் சொன்னதைத்தான் செரிக்க முடியவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு சம்பந்தம் முடிவாகி, மாதா கோயிலில் ஃபாதர் மூன்று ஞாயிறு ஊரறிய வாசிக்க வேண்டிய கல்யாண ஓலையை இரண்டு ஞாயிறு வாசித்தும் ஆகி, மூன்றாவது ஓலைக்கு முன்னால் பையன் வீட்டார் பின்வாங்கிவிட்டார்கள். அந்த இடத்தைப் பார்த்துக் கொண்டுவந்தது கிளிஃபர்ட்தான். அது அவருக்கு நெஞ்சில் முள்ளாகவே நின்றது. பிறகு நிக்கோலே நரேஷைத் தேர்ந்தெடுத்தாள். கூட வேலை செய்கிறவன், நல்ல பையன். நிச்சயதார்த்தத்தில் ஓஸ்வால்ட் எழுந்து, எங்கள் நிக்கோலுக்கு ஓலை வாசித்து வாசித்து ஃபாதருக்கே மனப்பாடம் ஆகிவிட்டது என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நிக்கோலும் சிரித்தாள். கிளிஃபர்ட் சிரிப்பைப் பார்க்கவில்லை, அவள் தட்டைப் பார்த்தார். கோழிக்கால் வைத்தபடியே இருந்தது.

மறுநாள் காலையில் காபி குடிக்கும்போது நிக்கோல் கேட்டாள்.

"டாடி, கல்யாணத்துக்கு டோஸ்ட் நீங்க சொல்றீங்களா? மாமா சொன்னா அந்த ஓலைய மறுபடியும் இழுப்பார். நரேஷ் ஆபீஸ் ஆளுங்க எல்லாம் வருவாங்க."

கிளிஃபர்ட் காபி டம்ளரைக் கீழே வைத்தார். வாழ்க்கையில் ஒரு ஜோக்கும் சொல்லாத மனுஷன். ஆனாலும் சரி என்று தலையாட்டினார். பவுலின் தன் அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று தவித்ததால், கிளிஃபர்டே போய்ச் சொன்னார். ஓஸ்வால்ட் நன்றாகச் சிரித்து முடித்துவிட்டு, பேஷாகச் செய், எதற்கும் நான் எழுதின டோஸ்ட் பேப்பரைக் கோட் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு முன்வரிசையிலேயே இருக்கிறேன், நீ திக்கினால் நான் வந்து காப்பாற்றுகிறேன் என்றார். கிளிஃபர்டுக்கு அந்தப் பாக்கெட்டை நினைத்துத்தான் தூக்கம் போனது.

ப்ரஹ்லாதிடம் கேட்டு சில்க் போர்டு டிராஃபிக் ஜோக் ஒன்றை வாங்கிக்கொண்டார். அவனும் எடுத்துக்கோங்க அங்கிள் என்று தாராளமாகக் கொடுத்தான். கிளப் திறப்பதற்கு முன்னால், காலி நாற்காலிகளைப் பார்த்துச் சொல்லிப் பழகினார். ரக்ஷிதா பின்னால் நின்று கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"அங்கிள், இது அவன் சட்டை. உங்களுக்கு லூசா இருக்கு. உங்களுக்கு என்ன நடந்துச்சோ அத சொல்லுங்க."

தனக்கு நடந்ததில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவருக்குப் புரியவில்லை. டிராஃபிக்கையே நம்பினார்.

கல்யாணத்தன்று சாயங்காலம் கோயில் ஹாலில் முன்னூறு பேர். பிரியாணி மூடி திறக்கிற வாசனை வந்துவிட்டது. எல்லோர் கையிலும் ஒயின். மேடையில் நிக்கோல், பக்கத்தில் நரேஷ். முன்வரிசையில் ஓஸ்வால்ட், நீலக் கோட்டோடு. கடைசி மேஜையில் ரக்ஷிதா. கிளிஃபர்ட் மைக்கைப் பிடித்து, சில்க் போர்டு சிக்னலில் நரேஷ் மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னார். முடிவு வரியையும் சொன்னார்.

யாரும் சிரிக்கவில்லை. எங்கோ ஒரு குழந்தை அழுதது.

வேறு யாராவது இருந்திருந்தால் அடுத்த வரிக்குப் போயிருப்பார்கள். கிளிஃபர்ட் போகவில்லை. பத்து வருடம் சிரிப்பு வந்தால் மட்டும் நகர்ந்த உடம்பு, சிரிப்பு வராததால் அப்படியே நின்றுவிட்டது. கோப்பை பாதி உயரத்தில், ஒரு கால் கொஞ்சம் முன்னால், வாய் லேசாகத் திறந்தபடி. நகரச் சொல்லி மனசு கத்தியது, கால் கேட்கவில்லை. ஐந்து விநாடி, பத்து விநாடி. பவுலின் தலையைக் குனிந்துகொண்டாள். ஓஸ்வால்ட் எழுந்துவிட்டார். அவர் கை கோட் பாக்கெட்டுக்குள் போனதை கிளிஃபர்ட் பார்த்தார். நிக்கோலும் பார்த்தாள். அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு இப்போதே தயாராவது தெரிந்தது, நிச்சயதார்த்தத்தன்று சிரித்த அதே பொய்ச் சிரிப்பு.

அதைப் பார்த்ததும் அவருக்குப் பேச்சு வந்தது.

"மன்னிச்சிடுங்க. நான் வேலை செய்ற எடத்துல, நீங்க சிரிச்சாத்தான் நான் நகரலாம். இப்ப நீங்க சிரிக்கிற வரைக்கும் நான் இங்கேதான் நிக்கணும். பிரியாணியும் அங்கேதான் நிக்கும்."

பின்வரிசையில் ரக்ஷிதா முதலில் சிரித்தாள். அவளைத் தொட்டு அந்த மேஜை, அதைத் தொட்டு ஹால் முழுக்க. கிளிஃபர்ட் தன் காலைப் பார்த்தார். அது தானாக ஒரு அடி எடுத்து வைத்தது. அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. ஓஸ்வால்ட் நின்றபடியே இருந்தார், கை பாக்கெட்டில்.

"என் கல்யாணத்துல மச்சான் சொன்னார், ட்ரே எடுத்துட்டு ஒருத்தன் வந்தான்னு. சரிதான். முப்பது வருஷமா ட்ரேதான் எடுக்கிறேன். அதனால ஒண்ணு தெரியும். மேஜைக்குத் தப்பான ஆர்டர் வந்துச்சுன்னா, தப்பு கொண்டுவந்த பேரர் மேலதான். உட்கார்ந்திருக்கிறவங்க மேல இல்ல." ரக்ஷிதாவைப் போல ஒரு நிமிடம் பேசாமல் நின்றார். "என் பொண்ணுக்கு ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு தப்பான ஆர்டர் கொண்டுவந்தேன். நான்தான் கொண்டுவந்தேன். அவ ஒரு வார்த்தை சத்தம் போடல. திருப்பி அனுப்பிட்டு, தனக்கு என்ன வேணும்னு அவளே கேட்டு வாங்கிக்கிட்டா. சூடா, ஃப்ரெஷ்ஷா."

நரேஷுக்குத்தான் முதலில் சிரிப்பு பொத்துக்கொண்டது. அவனுடைய ஆபீஸ் கூட்டம் மேஜையைத் தட்டியது. நிக்கோல் சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள், மை கலைந்தது. கிளிஃபர்ட் கோப்பையைத் தூக்கினார். ஓலையைப் பற்றி இனி யாரும் எதுவும் சொல்ல மிச்சமில்லை. அது ஒரு பேரரின் தப்பாகி, எல்லோரும் சிரித்தும் ஆயிற்று.

கூட்டம் பிரியாணிக்கு நகர்ந்தபோது ஓஸ்வால்ட் அவரிடம் வந்தார். பாக்கெட்டிலிருந்த பேப்பரை எடுத்து நாலாக மடித்தார்.

"மாப்ளே, அந்த ஓலை ஜோக்க இன்னிக்கும் எழுதிட்டு வந்திருந்தேன்," என்றார் தாழ்ந்த குரலில். "புள்ள மனசு கஷ்டப்படும்னு எனக்குத் தோணவே இல்ல, பாரு."

கிளிஃபர்ட் அவர் கையைப் பிடித்து அழுத்தினார். அந்த நிமிடம் மச்சான் மேல் கோபம் எங்கே போனது என்றே அவருக்குத் தெரியவில்லை. தேடவும் தோன்றவில்லை.

மாப்பிள்ளை பெண்ணோடு ஒரே மேஜையில் உட்கார வேண்டிய கிளிஃபர்ட், பழக்கதோஷத்தில் மேஜை மேஜையாகப் போய் யாருக்கு என்ன வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ அதட்டியும் கேட்கவில்லை. கடைசியில் மகள் உட்கார்ந்திருந்த மேஜைக்கு வந்தார். நரேஷ் யாரோடோ பேசிக்கொண்டிருந்தான். நிக்கோலின் தட்டில் இரண்டு எலும்புத் துண்டுகள், ஒரு ஏலக்காய், வேறொன்றும் இல்லை. தயிர் வெங்காயத்தைக்கூட வழித்திருந்தாள். கிளிஃபர்ட் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கை தானாகத் தட்டை எடுக்கப் போனது.

"எடுக்காதீங்க டாடி," என்றாள் நிக்கோல், தட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு. "இன்னும் கொஞ்சம் போடுங்க."

அவர் கரண்டியை எடுத்துக்கொண்டு பிரியாணி அண்டா பக்கம் நடந்தார். யாரும் சிரிக்கவில்லை, ஆனாலும் நடந்தார்.