பெரிய பெட்டியும் பஹ்ரைன் பெட்டியும்

எங்கள் ஆர்க்கெஸ்ட்ராவில் நான் கிதார். பகலில் சங்கரன்கோவில் பஜாரில் ஒரு ஜவுளிக் கடையில் துணி கிழித்துக் கொடுப்பேன். கல்யாண வரவேற்போ கோயில் கொடையோ வந்தால் சாயங்காலம் கிதாரைத் தூக்கிக்கொண்டு வேனில் ஏறிவிடுவேன். எழுபதுகளின் கடைசியில் தொடங்கி நாலைந்து வருஷம் எனக்கென்று தனி ஆம்ப்ளிபையர் கிடையாது. பாடுகிறவர்களின் மைக், ஆர்கன், என் கிதார் எல்லாம் சவுண்ட் சர்வீஸ்காரரின் ஒரே பெட்டிக்குள் போய், ஒன்றோடொன்று குழைந்து, கம்பத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் வழியாக வெளியே வரும். நான் என்ன வாசிக்கிறேன் என்பது எனக்கே சரியாகக் கேட்காது. அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஆர்கன் வாசிப்பவர்தான் குழுவை நடத்தினார். எல்லோரும் அவரை அண்ணாச்சி என்போம். ஒருநாள் ஒத்திகை முடிந்ததும் என்னை நிறுத்திவைத்துச் சொன்னார்.

"கிதாருக்குத் தனியா ஒரு பெட்டி வேணும் வே. கல்யாண வீட்டுக்காரன்லாம் மெட்ராஸ் ஆர்க்கெஸ்ட்ரா பாத்துட்டு வாரான். கிதார்க்காரர் கையை ஆட்டுதாரு, சத்தம் எங்கன்னு கேக்கான்."

அவரே இரண்டு பெட்டிகளுக்குச் சொல்லியும் வைத்திருந்தார். இரண்டும் பழைய ரேடியோ மாதிரி கண்ணாடி வால்வு வைத்த பெட்டிகள், இரண்டும் கையால் செய்தவை. ஒன்று திருநெல்வேலியில் ரேடியோ கடை வைத்திருந்த ஒருவர் கேட்டவர்களுக்கு மட்டும் செய்து கொடுப்பது. தேக்குப் பலகை, முன்னால் சாம்பல் துணி. தூக்க இரண்டு ஆள் வேண்டும். எவ்வளவு கூட்டினாலும் சத்தம் கலங்காது.

மற்றது கடையநல்லூரிலிருந்து வந்தது. கொண்டுவந்தவர் பஹ்ரைனில் ஒரு ஹோட்டலில் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்து கடை போட்டிருந்த பாய். அந்த ஹோட்டல் பேண்டில் கிதார் வாசித்த ஒரு அமெரிக்கர் ஊருக்குத் திரும்பும்போது அதை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். அமெரிக்காவில் ஏதோ சின்னப் பட்டறையில் செய்தது. நீலத் துணி போர்த்திய சிறிய பெட்டி. பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

"வால்வு சூடாக கொஞ்சம் டைம் குடுங்க தம்பி, அவசரப்படுத்தாதீங்க. அமெரிக்கா கரண்டுக்குச் செஞ்சது, நம்ம கரண்டுல பாதிதான் அங்க, அதனால இந்த டிரான்ஸ்பார்மர் இல்லாம சொருகிராதீங்க. வால்வு போச்சுன்னா இங்க கெடைக்காது, அதையும் சொல்லிடுதேன். இன்ஷா அல்லாஹ், ஒண்ணும் ஆகாது."

ஒன்றும் ஆகாது என்று அவர் சொன்னது என் காதில் ஏறவில்லை. அதற்கு முன்னால் சொன்னதெல்லாம் ஏறிவிட்டது.

"ரெண்டு கச்சேரி வருது," என்றார் அண்ணாச்சி. "ஒண்ணுல அது, ஒண்ணுல இது. பெறகு எதுன்னு சொல்லும். வாசிக்கப்போறது நீரு. நான் தலையிட மாட்டேன்."

குழுப் பணத்தில்தான் வாங்கப்போகிறோம், விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் பணத்தைச் சாக்குச் சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. சோறு இறங்கவில்லை. கடையில் இரண்டு மீட்டர் கேட்டவருக்கு மூன்று மீட்டர் கிழித்துவிட்டு முதலாளியிடம் ஏச்சு வாங்கினேன்.

எங்கள் தெருவில் விசைத்தறிகள் ஓடும்போது எதையும் கேட்டுப் பார்க்க முடியாது. தறி ஓடாத ஒரு மத்தியானம் இரண்டு பெட்டிகளையும் வீட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாற்றி மாற்றி வாசித்தேன். என் மனைவி ஜன்னலோரம் தையல் மிஷினில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். நீலப் பெட்டியில் கொஞ்சம் அழுத்தி வாசித்தால் சத்தத்தின் ஓரம் லேசாக முறுகும், தோசை ஓரம் போல. எனக்கு உடம்பு சிலிர்த்தது. பெரிய பெட்டியில் அந்த வித்தையெல்லாம் இல்லை. தொட்டது தொட்டபடி வந்தது.

"எது நல்லாருக்கு?" என்று அவளிடம் கேட்டேன்.

மிஷினை நிறுத்திவிட்டு யோசித்தாள். "சின்னதுல வாசிச்சா நீங்க ரொம்ப நல்லா வாசிக்க மாதிரி இருக்கு. பெருசுல நீங்க வாசிக்கது அப்படியே கேக்குது."

"அப்ப நான் நல்லா வாசிக்கலங்கியா?"

"அப்படியா சொன்னேன்? கை எங்கன தடுமாறுதுன்னு அதுல தெரியுது. அம்புட்டுதான்."

மறுபடியும் மிஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டாள்.  அதுவரை வால்வைப் பற்றியும் கரண்டைப் பற்றியும்தான் பயந்துகொண்டிருந்தேன். இனி என் கையைப் பற்றியும் பயப்பட வேண்டும்.

முதல் கச்சேரி கரிவலம்வந்தநல்லூரில், ஒரு கல்யாண வரவேற்பு. பெரிய பெட்டியை நானும் டிரம்ஸ்காரரும் வேனிலிருந்து இறக்கி எனக்குப் பின்னால் வைத்தோம். முதல் பாட்டிலேயே என் கிதார் என் முதுகுக்குப் பின்னாலிருந்து இன்னொரு ஆள் வாசிப்பதுபோல் கேட்டது. அந்த ஆள் அவ்வளவு நன்றாக வாசிக்கவில்லை. சுண்டுவிரல் போய்ச் சேருவதற்குள் தாளம் போய்விடுகிறது. ஒரு பாட்டின் நடுவே கிதாருக்கென்றே ஒரு துண்டு வரும். அதை வருஷக்கணக்காக நான் பாதி ஸ்வரத்தை விழுங்கி வேகமாக வழித்துவிட்டுப் போவது வழக்கம். அன்று வழித்தது வழித்தபடியே பந்தல் முழுக்கக் கேட்டது. அண்ணாச்சி ஆர்கனிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

திரும்பி வரும்போது டிரம்ஸ்காரர் கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல்தான் கேட்டார்: "அந்த பிட்ட இத்தன வருசமும் இப்படித்தான் வாசிச்சீரா வே?"

நான் சிரித்துவைத்தேன். வேனில் எல்லோரும் சிரித்தார்கள். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அடுத்தது கடையநல்லூர். நீலப் பெட்டியை நானே மடியில் வைத்துக்கொண்டு போனேன். பாயும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். டிரான்ஸ்பார்மரை என் நாற்காலிக்கு அடியில் வைத்தேன். பந்தல் முழுக்க சீரியல் பல்பு. ஒவ்வொரு பல்பும் என் பெட்டியின் கரண்டைக் குடித்துக்கொண்டிருப்பதாக எனக்குத் தோன்றியது. பெட்டியின் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

சத்தம் அருமையாக இருந்ததாகப் பிறகு எல்லோரும் சொன்னார்கள். முன்னால் பேசிக்கொண்டிருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினார்களாம். நான் எதையும் பார்க்கவில்லை. மாப்பிள்ளை மேடையேறும்போது பெரிய லைட்டுகளைப் போட்டார்கள். சிவப்பு விளக்கு மங்கியது, சத்தம் கிணற்றுக்குள் போனதுபோல் இறங்கியது. விரல்கள் மரத்துப்போய் அடுத்த பாட்டின் ஆரம்பத்தையே விட்டுவிட்டேன். பாடகி என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, கிதார் இல்லாமலே தொடங்கினாள். அதற்குள் விளக்கு பழையபடி எரிந்தது. சத்தமும் வந்துவிட்டது. நடந்தது அவ்வளவுதான். பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

முடிந்ததும் பாய் என் பக்கத்தில் வந்தார். "நல்லா வாசிச்சீங்க தம்பி. ஆனா பெட்டியப் பாத்துக்கிட்டே வாசிச்சீங்க. ஆளுகளப் பாக்கவே இல்ல."

மறுநாள் அண்ணாச்சி கேட்டார். "பெருசு," என்றேன். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. வீட்டில் மனைவி கேட்டாள்.

"ஒங்களுக்குச் சின்னதுதான் புடிச்சிருக்குன்னு நெனச்சேன்."

"அதுதான் புடிச்சிருக்கு."

"பெறகென்ன?"

"பயமா இருக்கு."

"பெருசுல வாசிக்க பயமில்லியாக்கும்?"

"அதுவும் பயந்தான். அதுக்கு நான் ஏதாவது செய்யலாம். கரண்டுக்கு நான் என்னத்தச் செய்ய?"

 சொன்னதை நானே முழுசாக நம்பவில்லை.

பெரிய பெட்டி எங்கள் வீட்டு மூலைக்கு வந்தது. காலையில் கடைக்குப் போவதற்கு முன்னால் அந்தக் கிதார்த் துண்டை மெதுவாக, பிறகு கொஞ்சம் வேகமாக, திரும்பத் திரும்ப வாசித்தேன். தறிச் சத்தம் தொடங்கும் வரைதான் நேரம். சுண்டுவிரல் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் கேட்டது. ஆனாலும் ஒவ்வொரு கச்சேரியிலும் முதல் பாட்டுக்கு முன்னால் பெட்டியை ஒருமுறை திரும்பிப் பார்ப்பேன். முதுகுக்குப் பின்னால் இருக்கும் அந்த ஆள் இன்று எப்படி வாசிக்கப்போகிறானோ என்றிருக்கும். சில நாள் நன்றாக வாசிப்பான்.

நீலப் பெட்டியை சிவகிரியில் ஒரு குழுவில் கிதார் வாசித்த பையன் வாங்கிக்கொண்டான் என்று பாய் சொல்லித் தெரியும். அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ, மனைவி வழிச் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு சிவகிரி போயிருந்தோம். வரவேற்பில் அந்தக் குழுதான் வாசித்தது. பந்தலுக்குள் நுழையும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த முறுகல் சத்தத்தை எங்கே கேட்டாலும் கண்டுபிடித்துவிடுவேன்.

கூட்டத்துக்குப் பின்னால் நின்று கேட்டேன்.  வாசிப்பது நானில்லை, பெட்டியும் என்னுடையதில்லை. ஆனாலும் இப்போது மங்கும், இப்போது நின்றுவிடும் என்று ஒவ்வொரு பாட்டிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை பந்தல் பல்புகள் எல்லாம் ஒன்றாக மங்கின. சத்தம் இறங்கியது. அவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. பாடகரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே வாசித்தான். சத்தம் ஏறியது.

இடைவேளையில் போய் அறிமுகம் செய்துகொண்டு, "வால்வுலாம் எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"எந்த வால்வுண்ணே?" என்றான். "நான் பின்னாடி தொறந்தே பாக்கல. சுவிட்சப் போட்டா பாடுது."

பந்தி போட்டுவிட்டதாக மனைவி வந்து கூப்பிட்டாள். "அதே பெட்டிதானே?" என்றாள்.

"அதேதான்."

"நல்லாருக்குல்லா?"

"நல்லாருக்கு," என்றேன். பாட்டு மறுபடியும் தொடங்கியது. அவளைப் போய் இடம் பிடிக்கச் சொல்லிவிட்டு, அந்த ஒரு பாட்டு முடியும்வரை அங்கேயே நின்றேன்.