நான் சிவப்பு வட்டம் போட்ட பாலம்

1. அறுபது பேர் இறங்கி நடந்தது

அன்று காலை மருதையாற்றுப் பாலத்துக்கு முன்னால் டவுன் பஸ் நின்றது. பழுதாகி நிற்கவில்லை. உள்ளே இருந்த அறுபது பேரும் இறங்கி, கூடையையும் மூட்டையையும் தலையில் வைத்துக்கொண்டு பாலத்தை நடந்தே கடந்தார்கள். சாமி ஊர்வலத்துக்குப் பின்னால் வருகிற ஜெனரேட்டர் வண்டி மாதிரி, காலி பஸ் அவர்கள் பின்னால் மெதுவாக ஊர்ந்தது. அக்கரை போனதும் எல்லோரும் மறுபடி ஏறிக்கொண்டார்கள்.

இதற்குக் காரணம் நான்தான்.

எனக்குச் சொந்த ஊர் பூலாம்பாடி. ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, திருச்சியில் ஒரு கன்சல்டன்ட் கம்பெனியில் ஹெல்பராகச் சேர்ந்தேன். குஜராத்தில் பூமி ஆடியதற்குப் பிறகு, பழைய பாலங்களை ரிப்பேர் செய்வதோடு, பூமி அதிர்ந்தாலும் தாங்குகிற மாதிரி பலப்படுத்தவும் எங்கள் கம்பெனி பிளான் போட்டுக்கொண்டிருந்தது. பிளான் போடுவது இன்ஜினியர் பாஸ்கரன் சார். அதற்கு முன்னால் கான்கிரீட்டைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது நான். நல்ல கான்கிரீட் 'டங்' என்று கேட்கும். உள்ளே பிளவு விட்டுப்போன கான்கிரீட் 'டொப்' என்று கேட்கும். 'டொப்' கேட்ட இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட வேண்டும், முக்கியமான இடங்களை டேப்பால் அளந்து எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை.

என் சுபாவம் அதற்கு ஒத்துவரவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனையிலிருந்து திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். 'டங்'கா 'டொப்'பா என்று சந்தேகம் வந்தால் ஒரு வட்டம். சந்தேகம் வராவிட்டால், ஏன் வரவில்லை என்ற பயத்தில் இன்னொரு வட்டம். சாக்பீஸ் மழையில் அழிந்துவிட்டால் என்ன செய்வது? சொந்தக் காசில் ஒரு டப்பா சிவப்பு பெயின்ட் வாங்கினேன். சார் வேறு பாலத்துக்குப் போயிருந்த மூன்று நாளில் இரண்டு பக்கக் கைப்பிடிச் சுவரும் அம்மை போட்ட முகம் மாதிரி ஆகிவிட்டது.

2. கண்டக்டர் கேட்ட தேதி

கண்டக்டர் கலியமூர்த்தி என்னிடம் வந்தார்.

"என்னா தம்பி, வட்டம் மட்டும்தானா? எந்தத் தேதியில விழும்னு பக்கத்துல எழுதலியா?"

"விழாதுண்ணே. செக் பண்றோம், அவ்வளவுதான்."

"அதுக்கு எதுக்கு ரத்தக் கலரு?"

கத்தரிக்காய்க் கூடையோடு நின்ற செல்லம்மா குறுக்கே புகுந்தார். தினமும் அரியலூர் சந்தைக்கு அந்த பஸ்ஸில் போகிறவர்.

"நேத்தே கேட்டேன்ல ஒன்ன, பாலம் நல்லாருக்கான்னு? மூஞ்சத் தொங்கப் போட்டுக்கிட்டு 'பாத்துதாங்க சொல்லணும்'னு சொன்ன. டாக்டரு அப்புடிச் சொன்னா வூட்ல அழவே ஆரம்பிச்சிருவாங்க, தெரியுமா?"

கலியமூர்த்தி குரலைத் தணித்தார். "நேத்துலேருந்து ஒவ்வொரு ட்ரிப்பும் லேட்டாவுது தம்பி. இப்புடியே எறங்கி நடந்தா சுத்துப்பாதையில ஓட்டுங்கன்னு டிப்போல சொல்லிட்டாங்க. சனிக்கெழம வரைக்கும்தான் டைம். அப்புறம் இந்த நாலு ஊருக்கும் பஸ்ஸு கெடையாது."

"நான் கூடைய வச்சிக்கிட்டு மெயின்ரோட்டுக்கு நடக்கணும்" என்றார் செல்லம்மா. "நீ வந்து தூக்குறியா?"

அன்று வெள்ளிக்கிழமை. எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி சாருக்குப் போன் போட்டேன்.

3. ஆட்டுக்கு ரிப்போர்ட்

மத்தியானமே சார் வந்துவிட்டார். வட்டங்களைப் பார்த்துக்கொண்டு பாலத்தில் ஒரு நடை நடந்தார்.

"யோவ், இது என்னா?"

"கைப்பிடிச் சுவர் சார்."

"இது ஒடைஞ்சா எது விழும்?"

யோசித்தேன். "ஆடு சார்."

"பாலம்?"

"விழாது சார்."

"அப்ப ஆட்டுக்கா ரிப்போர்ட் எழுதறோம்?"

சுத்தியலை வாங்கி அவரே தட்டினார். நூற்றுச் சொச்சம் வட்டத்தில் பதினொன்றுதான் நிஜமாகவே 'டொப்' என்றது. பிறகு ஏணி போட்டுக் கீழே இறங்கி, உத்தரங்களையும் தூண்களையும் ஒவ்வொன்றாகத் தட்டினார். எல்லாம் கெட்டி. நாலாவது தூணின் தலைக்கு ஏறினார்; அதை நாங்கள் பியர் கேப் என்போம். பிறகு உத்தரம் உட்கார்ந்திருக்கும் இடத்தின் அகலத்தை டேப்பால் இரண்டு முறை அளந்தார்.

"இங்க அளந்தியா?"

"இல்ல சார்."

"வந்தாவது பாத்தியா?"

"மூணு நாளும் வந்தேன் சார். நல்ல நெழலு. சாப்பிட்டு இங்கதான் படுத்தேன்."

சார் டேப்பைச் சுருட்டினார். "பூமி ஆடுனா உத்தரம் முன்னும் பின்னும் நகரும். உக்கார எடம் பத்தலன்னா நழுவிக் கீழ வந்துரும். இந்தப் பாலத்துலயே பயப்பட வேண்டிய எடம் இது ஒண்ணுதான். அங்க வந்து தூங்கியிருக்க."

"பஸ்ஸு போலாமா சார்?"

"தாராளமா. பூமி ஆடுனாத்தான் பிரச்னை. அதுக்கு பியர் கேப்ப அகலப்படுத்தி, உத்தரம் நழுவாமத் தடுக்க ஸ்டாப்பர் வச்சு பிளான் போட்டுர்றேன். நீ போயி மொதல்ல அந்தப் பெயின்ட அழி."

4. முதல் சீட்

சாயங்காலம் முழுக்க மண்ணெண்ணெயும் சாக்குத்துணியுமாகத் தேய்த்தேன். சனிக்கிழமை காலை பஸ் வந்தது. எல்லோரும் வழக்கம்போல இறங்கினார்கள்.

"தொடச்சிட்டா சரியாப் போயிருமா?" என்றார் செல்லம்மா. "சீக்காளி மூஞ்சியில பவுடர் பூசுன மாதிரில்ல இருக்கு."

சார் எடுத்துச் சொன்னார். யாரும் அசையவில்லை. கலியமூர்த்தி தலையைச் சொறிந்தார். "நீங்க சொன்னா நம்ப மாட்டாங்க சார். வட்டம் போட்ட ஆளு ஏறட்டும்."

சார் என்னைப் பார்த்தார். ஏறினேன்.

"ஜன்னலோரமா உக்காரு. ஒன் மூஞ்சியப் பாத்துட்டுத்தான் நாங்க ஏறுவோம்" என்றார் செல்லம்மா.

சிரித்து வைத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டுச் சிரித்ததில்லை. செல்லம்மா கூடையோடு ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக ஏறினார்கள். பஸ் பாலத்துக்குள் நுழைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று தூண்களை எண்ணினேன். நாலாவது வந்தபோது, இத்தனை யுகமாக ஆடாத பூமி இந்தப் பத்து விநாடியில் ஆடிவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அறுபது பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் கண்ணை மூடவும் வழியில்லை.

அக்கரை வந்தது. "எறங்கு, எறங்கு. எங்களுக்கு நேரமாவுது" என்று செல்லம்மா என்னை இறக்கிவிட்டார். அடுத்த ட்ரிப்பில் யாரும் பாலத்தில் இறங்கவில்லை. டிப்போவும் பஸ்ஸை நிறுத்தவில்லை.

திரும்பி நடந்து வந்து, சாரிடம் டேப்பைக் கேட்டு வாங்கி, ஏணி வைத்து, எல்லா பியர் கேப்பையும் அளந்து எழுதினேன். அந்த மூன்று நாளும் நான் வேலை பார்த்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் கவலைதான் பட்டிருக்கிறேன். ஒரு இடத்தைக்கூட அளக்கவில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் கவலைப்படாதே என்று நான் சொல்வதில்லை. அதைச் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. கையில் டேப்பை வைத்துக்கொண்டு கவலைப்படு என்றுதான் சொல்கிறேன்.