காருக்குள் ஒழுகிய வெந்நீர்

அன்று பினாங்கில், வட்டிக்கடைக் கிட்டங்கிக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் இருந்தது நாலு பேர். ஊரிலிருந்த முதலாளிக்காக வட்டித் தொழிலை நடத்திய மேலாள் செட்டியார், அவருக்குச் சமைத்துப் போட்ட சமையற்காரர், கார் வாங்க வந்த, தவுக்கே என்று எல்லாரும் கூப்பிடும் சீனத்து இளம் வியாபாரி, காரைப் பார்த்துக்கொண்ட நான்.

அது இரண்டே பேர் உட்காரக்கூடிய, துணிக்கூரை போட்ட சீமைக் கார். ரப்பர் விலை விழுந்த காலத்தில் ஒரு தோட்டத்துத் துரை அதை அடகு வைத்துக் கடன் வாங்கினான். கடனைக் கட்டாமலே கப்பலேறிவிட்டான். என்னை வேலைக்கு வைத்தபோதே மேலாள் சொல்லிவிட்டார்: "வண்டி சம்பாதிக்கலியேப்பா, ஒனக்கு மாசாமாசம் எங்கேர்ந்து குடுக்குறது? சோறு இங்க தின்னுக்க. வித்தவொடனே சம்பளத்த மொத்தமா வாங்கிக்க." நான் தலையாட்டினேன். மூன்றாம் வகுப்போடு நின்றவனை வேறு யார் கூப்பிடப் போகிறார்கள் என்ற பயம். அப்படி ஆறு மாதச் சம்பளம் அந்தக் காருக்குள் மாட்டிக்கொண்டது.

குளிர் நாட்டில் ஓடிய கார் என்பதால் அதில் ஹீட்டர் இருந்தது. என்ஜினின் வெந்நீர் ஒரு ரப்பர் குழாய் வழியாக வந்து, கால் வைக்கும் இடத்துக்கு மேலே ஒரு சின்னப் பெட்டிக்குள் சுற்றிவிட்டுப் போகும். நடுவில் ஒரு பித்தளை வால்வு. நான் அதை மூடியேதான் வைத்திருந்தேன்.

தவுக்கேயைப் பக்கத்தில் உட்காரவைத்து நார்தம் சாலை வரை ஓட்டிக் காட்டினேன். கடல் காற்றில் அவருக்கு ஒரே சந்தோஷம். திரும்பிக் கொட்டகைக்குள் நுழையும்போது, "அடோய், பானாஸ்!" என்று காலை உதறினார். சுடுகிறது என்கிறார். வால்விலிருந்து துருப்பிடித்த வெந்நீர் சொட்டி, அவருடைய வெள்ளைச் சப்பாத்து பழுப்பேறியிருந்தது. என் ஆறு மாத உழைப்பும் சொட்டுச் சொட்டாக அந்தச் சப்பாத்தின் மேல் விழுவதுபோல் இருந்தது எனக்கு.

"குழாய வெட்டி மரக்கட்டையால அடைச்சுடறேன் முதலாளி. இந்த ஊருல எவனுக்குக் குளிருது?" என்றேன்.

மேலாள் அதை மலாயில் சொன்னார். தவுக்கே சம்மதிக்கவில்லை. பினாங்கில் வேறு எவன் காரிலும் ஹீட்டர் இல்லை, கூட்டாளிகளுக்குக் காட்ட வேண்டுமாம். சாயங்காலம் வருவேன், அப்போதும் ஒழுகினால் கார் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்தே போனார்.

"அடுப்பு வச்ச காருதான் வேணுமாம் இந்தச் சீனத் தொரைக்கு," என்றார் சமையற்காரர்.

"நீ உள்ள போயி ஒன் அடுப்பப் பாருய்யா," என்று சீறிவிட்டு மேலாள் முன்கட்டுக்குப் போய்விட்டார்.

நீரை வடித்து வால்வைக் கழற்றினேன். உள்ளே கூம்பு வடிவில் ஒரு பித்தளை அடைப்பு. தன் குழியில் இம்மியும் இடைவெளியின்றி அது பொருந்தி இருக்க வேண்டும். அதன்மேல் கீறல்கள், இடுக்கில் சிவப்புப் பொடி. துரு என்று நினைத்து விரலால் தேய்த்தேன். மணல்போல் நறநறத்தது. செங்கல் பொடி.

சமையற்காரர் போகாமல் அங்கேயேதான் நின்றிருந்தார். அவரைப் பார்த்தேன்.

"நேத்து வெள்ளிக்கெழமையில்ல தம்பி, குத்துவெளக்கு வெளக்கும்போது இதயும் வெளக்குனேன்," என்றார் முகம் மலர. "பச்ச புடிச்சுக் கெடந்துச்சு. விக்கிற பொருளு மின்ன வேணாமா? திருகிக் கழட்டி உள்ளயும் புளியும் செங்கப்பொடியும் போட்டுத் தேச்சேன். கொஞ்சம் தண்ணி வந்துச்சு, அப்புறம் நின்னுருச்சு. தங்கமா மின்னுச்சே, நீ பாக்கல?"

"மெதுவாப் பேசுங்கண்ணே. அந்தப் பொடிதான் இதக் கீறி ஒழுக வச்சிருக்கு."

அவர் முகம் வாடிப்போனது. கோபப்படத்தான் நினைத்தேன், முடியவில்லை. சாமி விளக்குக்குச் செய்ததைத்தானே இதற்கும் செய்திருக்கிறார்.

கிரைண்டிங் பேஸ்ட் என்ற தேய்ப்புப் பசையைத் தடவி, அடைப்பைக் குழியில் வைத்து இப்படியும் அப்படியும் திருப்பித் தேய்த்தேன். கீறல் மறைய மத்தியானம் ஆனது. வால்வைத் திருகும் தண்டைச் சுற்றி நீர் கசியாமல் இறுக்க, பட்டறைகளில் மாட்டுக் கொழுப்பில் ஊறிய நூல் வைத்திருப்பார்கள். சாமி படம் மாட்டிய கிட்டங்கிக்குள் அதைக் கொண்டுவர எனக்குத் துணிச்சல் இல்லை. சமையற்காரர் விளக்குத்திரி நூல் கொண்டுவந்தார். தேன்மெழுகை அவர் அடுப்பிலேயே உருக்கி, நூலை அதில் ஊறவைத்துச் சுற்றி முடுக்கினேன். தண்ணீர் ஊற்றி, என்ஜினை ஓடவிட்டு, கீழே காகிதம் விரித்துப் பார்த்தேன். ஒரு துளி இல்லை. நம்பிக்கை வராமல் வேறு காகிதம் விரித்துப் பார்த்தேன். அதுவும் காய்ந்தே கிடந்தது.

சாயங்காலம் தவுக்கே வந்தார். வால்வுக்கு அடியில் கையை வைத்துப் பார்த்துச் சிரித்தார். பணத்தை எண்ணி வைத்தார். பேசிய விலையில், அந்த ஊர்க் காசில், பன்னிரண்டு வெள்ளி குறைந்தது. சப்பாத்தைத் தூக்கிக் காட்டினார், கால்சட்டை ஓரத்தையும் காட்டினார். மேலாள் எவ்வளவோ வாதாடினார், நடக்கவில்லை.

கார் போனதும் மேலாள் என் சம்பளத்தை எண்ணினார். அந்தப் பன்னிரண்டும் அதில் இல்லை. "வண்டி ஒம் பொறுப்புலதானப்பா இருந்துச்சு? நான் ஊருல போயி மொதலாளிக்குக் கணக்குச் சொல்லணும்."

வாயைத் திறந்தேன். வாசற்படியில் சமையற்காரர் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூடிக்கொண்டேன். இரக்கத்தால் பேசாமல் இருந்தேனா, பேசினால் வம்பு வருமே என்ற பயத்தாலா என்று இன்றும் எனக்கே தெளிவில்லை. நான் எப்போதும் பயப்படுகிறவன். அதனால் என்னுடைய நல்ல காரியங்களின்மீது எனக்கே சந்தேகம் உண்டு.

இரவுச் சோறு போடும்போது அவர் கேட்டார்: "ஏன் தம்பி என்னயச் சொல்லல?"

"சொன்னா ஒங்க சம்பளத்துல புடிப்பாரு. போன காசு எனக்குத் திரும்பியா வந்துரும்?"

"அப்ப பாதி என்னோடது."

"வேணாம்லா அண்ணே."

"சும்மா இருடா."

பிறகு எனக்கு வேலை கிடைத்த பட்டறைக்கு மாதம் ஒரு வெள்ளி கொண்டுவந்து தந்தார். நாலாவது வெள்ளி தந்த மாதம் மேலாளின் மூன்று வருஷ வேலை முறை முடிந்து, அவரோடு இவரும் ஊருக்குக் கப்பலேறினார். துறைமுகத்துக்குப் போய், "மிச்சத்த வுட்டுடுங்கண்ணே," என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னடா, பிச்சையா போடுற? பாக்கின்னா பாக்கிதான்!" என்றார்.

ஆகவே நான் தள்ளுபடி செய்யவில்லை. அவர் எனக்குத் தர வேண்டியது இன்னும் இரண்டு வெள்ளி.